பதினோரு நிமிடம்

வழியை ஆயத்தம் செய்யச் சொல்லி
திருவருகைக் காலத்து இரண்டாம் ஞாயிறு
சாமியார் பிரசங்கம் வைத்தார்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
வழியை அடைக்கத்தான் எனக்குச் சம்பளம்.

புதுவயலுக்கு இந்தப் பக்கம்,
அரிசி ஆலைத் தவிட்டு வாசனை முட்டி நிற்கும் கேட்.
ஒரு டெலிபோன். பச்சைக்கொன்று சிவப்புக்கொன்றாய்க் கொடி.
ஸ்டேஷனில் எண் சொல்வார்கள், நோட்டில் எழுதுவேன்,
பூட்டுவேன்.
ரயில் தாண்டும்வரை
நானே நினைத்தாலும் சாவி வராது.

மூன்றாம் ஞாயிறு எனக்கு மாலை டூட்டி.
ரோஜா நிற மெழுகுதிரி ஏற்றும்போது
கோயிலில் நான் இல்லை.
கார்த்திகைக் கடைசி மழை.
அடைத்த கேட்டுக்கு முன்னால் வந்து நின்றது ஓர் ஆட்டோ.

"பிரசவக் கேசு, திற."
"ரயில் வருது."
"எங்க வருது? காட்டு."

காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை.
மழைக்குள் போகும் இரண்டு தண்டவாளம்,
நோட்டில் ஓர் எண்.
அவன் கேட்டை உதைத்தான்.
உன் வயிறு விளங்குமா என்றான்.
அவள் கத்தவில்லை.
ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு
என்னையே பார்த்தாள்,
நான் வேறெங்கோ பார்க்கும்வரை.

பதினோரு நிமிடம்.

ரயில் போனது.
ஜன்னலில் ஒருவன் முறுக்குத் தின்றுகொண்டிருந்தான்.
கேட்டைத் தூக்கினேன்,
காரைக்குடிப் பக்கம் சிவப்பாய் ஒரு புள்ளி
சின்னதாகி, இல்லாமலானது.

மறுநாள் ஸ்டாண்டில் விசாரித்தேன்.
"எந்த ஆட்டோக்கா? நம்பர் என்ன?"
வருகிற எண்ணையெல்லாம் எழுதி வைக்கிற நான்
அதை மட்டும் பார்க்கவில்லை.

வீட்டில் இன்னாசி குடில் கட்டிக்கொண்டிருந்தார்.
பள்ளத்தூரில் இடித்த வீட்டிலிருந்து
கேட்டு வாங்கி வந்த உடைந்த ஆத்தங்குடிக் கல்தான் தரை.
பாதிப் பூ. மீதிப் பூ எந்தக் குப்பையிலோ.
அதன்மேல் வைக்கோல், ஒரு மாடு,
காது போன கழுதை, சூசையப்பர், மாதா.
நடுவில் தொட்டில் காலி.
இருபத்துநாலு ராத்திரிவரை அப்படித்தான்.

தேவகோட்டையில் நான்காம் வகுப்பு படிக்கையில்
நாடகத்தில் எனக்குச் சத்திரக்காரன் வேஷம்.
ஒரே வசனம்: இடமில்லை, போங்க.
நன்றாகச் சொன்னதற்கு
சிஸ்டர் ஒரு பென்சில் தந்தார்கள்.
அன்று இரவு வேதத்தை எடுத்துத் தேடினேன்.
அப்படி ஓர் ஆளே அதில் இல்லை.
இடமில்லை என்று இருக்கிறது,
சொன்னது யாரென்று இல்லை.

அவன் தூங்கியிருப்பானா அதற்குப் பிறகு?

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன்.
"சட்டப்படி செய்தாய் மகளே, அது பாவமில்லை"
என்றார் சாமியார்.
பாவமில்லை என்றால் மன்னிப்பும் இல்லை.
வெறுங்கையோடு வெளியே வந்தேன்.

ஆண்டவரே,
நான் கேட்பது பெரிதில்லை.
ஆணா பெண்ணா,
அதை மட்டும் சொல்லும்.
சொல்ல மாட்டீர். தெரியும்.
உம்முடைய கேட்டும் அந்தப் பக்கம் பூட்டித்தான் இருக்கிறது.
இருந்தும் கேட்கிறேன், பாரும்,
அடைத்த கேட்டுக்கு முன் நின்று
ஹாரன் அடிக்கிறவர்களைப் போல.

இப்போது மார்கழி.
பெருமாள் கோயில் ஒலிபெருக்கி கரகரத்து எழும் நேரம்
டெலிபோன் அடிக்கிறது.
எண்ணை எழுதுகிறேன். பூட்டுகிறேன்.
முன்பெல்லாம் அறைக்குள் உட்கார்ந்துகொள்வேன்.
இந்த வாரமாய்க் குடையை எடுத்துக்கொண்டு
கேட்டுக் கம்பியை ஒட்டிப் போய் நிற்கிறேன்.
பால்காரர், ஆலைக்குப் போகும் பெண்கள்,
பின் சீட்டில் தூங்கும் பிள்ளையோடு ஒரு பைக்.

"வருமா, வராதா?" என்கிறார் பால்காரர்.
தண்டவாளம் இரண்டும் பனிக்குள் போய்விட்டன.
"இந்தா, வந்துரும்" என்கிறேன்.
பைக்கின் பின் சீட்டுப்பக்கம்
குடையைக் கொஞ்சம் சாய்க்கிறேன்.